கரும்பலகையில் பதினான்காம் வரி

1

கதை எழுதத் துணிந்தமைக்காக முதற்கண் பொறுத்தருளக் கோருகிறேன். எனக்கு இது முதல் முயற்சி. இதுகாறும் நான் எழுதியவை விடுப்பு விண்ணப்பங்களும், குடியிருப்போர் சங்கக் கூட்டக் குறிப்புகளும், இரண்டு இரங்கல் கடிதங்களும் மட்டுமே. இரங்கல் கடிதங்கள் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். அந்தத் தைரியத்தில் தொடங்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தைரியம் இன்னும் வரவில்லை. தாள்தான் கைக்கு வந்தது.

தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் பணிபுரியும் தேர்வு அலுவலகத்தில் மீந்துபோகும் பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஒருபக்கம் வெறுமையாக இருக்கும் தாளை எறிய எனக்கு மனம் வருவதில்லை. எங்கள் குடியிருப்பில் எவருக்குமே வராது; அப்படிப் பழகிவிட்டோம். ஆகவே இக்கதையின் சில பக்கங்களை வெளிச்சத்தில் பிடித்தால், ‘எவையேனும் மூன்றனுக்கு விடை தருக’ என்பது இடவலமாகப் புரண்டு தெரியும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இனி, கதை பிறந்த இடம். எங்கள் மாடிப்படியின் கீழே ஒரு கரும்பலகை இருக்கிறது. முப்பத்தொரு பேருக்கு முப்பத்தொரு வரிகள் என்பது கணக்கு. ஆனால் பதின்மூன்றாம் வரிக்கும் பதினைந்தாம் வரிக்கும் இடையே இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஒன்றும் எழுதப்படாமல் கிடக்கிறது. ஈரத்துணியால் துடைத்த தடம் மட்டும் உண்டு. அங்கே யார் இருந்தார்கள் என்று கடந்த மாதம் ஒவ்வொருவரிடமாகக் கேட்டேன். எல்லோரும் அந்த இடத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பிறகு அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்கள்.

பதின்மூன்றாம் வரிக்காரர் பேருந்து ஓட்டுநர். அவரிடம், “வீட்ல எத்தனை பேருங்க?” என்று கேட்டேன். பதில் சொல்வதற்கு முன் அவர் இரண்டு விரல்களை உயர்த்தினார். உயர்த்திய பின், அவை யாருடையவோ என்பது போல அவற்றைப் பார்த்தார்.

“நான் மட்டுந்தான் சார்,” என்றார். விரல்களை மடக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

அந்த இரண்டாவது விரலுக்கு உரியவளைத்தான் நான் கற்பனை செய்திருக்கிறேன். கரும்பலகையும் அதிலுள்ள வெற்றிடமும் மெய்; மற்றவை புனைவு. தயைகூர்ந்து அப்படியே கொள்ளும்படி வேண்டுகிறேன்.

2

தொடக்க வாக்கியம் அமைவது அரிது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: ‘மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், நீலப்பூப் போட்ட பருத்திச் சட்டை அணிந்து, மோவாயில் சிறு மச்சத்தோடு, தங்கையுடன் போட்ட சண்டையை நினைத்துத் தனியே சிரித்தபடி அவள்—’ மிக நீளம். மழையால் கதைக்கு உதவி இல்லை. தங்கை பின்னால் வரப்போவதும் இல்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘மோவாயில் மச்சத்தோடு ஒருத்தி இருந்தாள்.’ மச்சத்தால் ஆவதென்ன? அடித்துவிட்டேன்.

மூன்றாவது: ‘அவள் பல் வார்ப்பவள்.’ சிக்கனமாக இருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

அவள் பல் வார்ப்பவள். ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டு அறையில் அவளுடைய பகல்கள் கழிந்தன. நோயாளியின் வாயில் எடுத்த அச்சு அவளிடம் வரும். அதில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றுவாள். இறுகியதும், எவரோ ஒருவருடைய மேல்வாயும் கீழ்வாயும் வெள்ளை வெளேரென்று கைக்கு வந்துவிடும். அதை வைத்துக்கொண்டுதான் பல்செட் செய்ய வேண்டும். சுவர் முழுக்க அலமாரிகள். அலமாரி முழுக்க வாய்கள். முகமில்லாத அத்தனை வாய்களும் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டவை போல இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண், முதல் வாரம் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காரவே மாட்டேன் என்றாள்.

“கடிக்காதுடி,” என்றாள் இவள். “கடிக்கறதுக்கு மேலயும் கீழயும் சேரணும்ல? ரெண்டையும் தனித்தனி தட்டுலதான் அடுக்கியிருக்கேன். தைரியமா உக்காரு.”

அவளும் ஓட்டுநரும் மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளாக மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். மாலையில் அவர் வந்ததும், சட்டைப் பையிலிருந்து நசுங்கிய காகிதக் கோப்பைகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைப்பார். அவள் எண்ணுவாள்.

“அஞ்சு. காலைல பையில டம்ளர் வச்சு அனுப்பினேனே, அது எங்க?”

“கண்டக்டர் எடுத்துட்டான்.”

“அவன் எடுத்தா நீங்க திருப்பி வாங்க மாட்டீங்களா?”

“வாங்கறதுக்குள்ள டீ ஆறிடும். ஆறினா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு கப்புல குடிச்சேன்.”

“எனக்கு என்ன கஷ்டம்?”

“ஆறின டீயைக் கீழ ஊத்தினேன்னு தெரிஞ்சா ஒரு வாரம் பேச மாட்டியே. அந்தக் கஷ்டம்.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, அவருடைய பையில் போட்டுவைப்பாள். தன்னுடைய பையில் அல்ல. ஏன் என்பதை அடுத்த பகுதியில் விளக்குகிறேன்.

3

நகராட்சியின் குப்பை வண்டி எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறைதான் வரும் என்று ஆனபோது, சங்கச் செயலாளர் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். அவர் ஓய்வுபெற்ற நில அளவையர். அளக்காத எதையும் நம்பாதவர். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மாடிப்படியின் கீழே கொக்கி வைத்த தொங்கு தராசு தயாராக இருக்கும். ஒவ்வொருவரும் அவ்வாரம் தாம் எறிந்தாக வேண்டியதைப் பையிலிட்டு மாட்ட வேண்டும். மக்குவதும் மறுபடி பயன்படுவதும் கணக்கில் சேராது; குப்பைமேட்டுக்குப் போவது மட்டுமே. வீட்டுக்கு வீடு அல்ல, ஆளுக்கு ஆள்.

“வீட்டுக்கு ஒரு வரின்னா புருஷன் பொண்டாட்டி மேல போடுவான், பொண்டாட்டி மாமியார் மேல போடுவா,” என்றார் செயலாளர். “அவங்கவங்க குப்பைக்கு அவங்கவங்க நிக்கட்டும்.”

வெளியே குடித்த தேநீரின் கோப்பையும், கடையில் பிரித்த பொட்டலத்தின் உறையும்கூட வீட்டுக்குக் கொண்டுவந்து எடை போடப்பட வேண்டும். பக்கத்துக் குடியிருப்பினர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நாங்கள் சட்டைப் பையில் குப்பையோடு வேலைக்குப் போய்வருகிற மக்கள். கரும்பலகையில் பெயருக்கு எதிரே எடையை எழுதும் பொறுப்பு, கையெழுத்து நன்றாக இருந்த ஒருவருக்கு அளிக்கப்பட்டது. (அவரைப் பற்றிய விவரம் இக்கதைக்குத் தேவையில்லை.)

மேல்மாடியில் குடியிருக்கும் கணக்கு டீச்சர்தான் அப்போது முதலிடத்தில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய பை கொக்கியில் தொங்கியது.

“நூத்திப் பத்து கிராம்,” என்று செயலாளர் முள்ளைப் படித்தார்.

டீச்சர் திருப்தியாகத் திரும்பினார். “உனக்கு எவ்வளவும்மா?”

“அறுபத்தஞ்சு, டீச்சர்.”

“அறுபத்தஞ்சா? மூச்சாவது வெளிய விட்டியா, அதையும் அடக்கி வச்சிருக்கியா?”

“விட்டேன் டீச்சர். செடிக்குப் பக்கத்துல போய் நின்னு விட்டேன்.”

வரிசையே சிரித்தது. அடுத்து ஓட்டுநரின் பை.

“முந்நூத்தி எண்பது. ஏம்ப்பா, ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கீங்க?”

“அவ பங்கையும் சேத்து நான்தான் போடறேன் ஐயா. குடும்பம்னா ஒருத்தராவது பொறுப்பா இருக்கணும்ல.”

4

இங்கே எனக்கு ஓர் ஐயம் எழுகிறது, வாசகர்களுக்கும் எழுந்திருக்கும். அறுபத்தைந்து கிராம் போதாதா? பற்பசையை விட்டுப் பற்பொடிக்கும், உறைகளை விட்டுத் துணிப்பைக்கும் மாறி, கிழிந்ததைத் தைத்து, உடைந்ததை ஒட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாமே. எங்களில் பெரும்பாலோர் அப்படித்தான் இருக்கிறோம். ஒருவருக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை. இவள் மட்டும் ஏன் இன்னும் கீழே இறங்க வேண்டும்?

முதலில், போட்டி மனப்பான்மை என்று எழுதினேன். பொருந்தவில்லை. டீச்சரை வென்ற அதே வாரம் டீச்சரின் குடைக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தவள் அவள். பிறகு, சிறு வயதில் யாரோ அவளை ‘இடத்தை அடைச்சிட்டு நிக்காத’ என்று— வேண்டாம். அதற்கு ஓர் அத்தையோ மாமாவோ தேவைப்படுவார், ஆள் கூடும்.

ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம். உடைந்த அச்சுகளைக் கொட்டப் போகும் வண்டியில் ஒரு நாள் அவளும் ஏறிக் குப்பைமேட்டுக்குப் போகிறாள். (அதுவரை போனதில்லை. நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?) காலை பதினொரு மணி. வெயில் பளீரென்று அடிக்கிறது. மேட்டின் சரிவில் ஒரு பல்செட் கிடக்கிறது. மேலும் கீழும் சேர்ந்து, சற்றே திறந்தபடி. குனிந்து எடுக்கிறாள். ஈறின் உட்புறத்தில் அவள் வழக்கமாகப் பொறிக்கும் குறி, ஒரு கோடும் ஒரு புள்ளியும், நேற்றுப் பொறித்தது போல இருக்கிறது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் செய்தது. யாருக்குச் செய்தது என்பதும் நினைவுக்கு வருகிறது. அவர் இறந்தே எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவரோடு எறியப்பட்ட துணியும் தாளும் மரச்சாமானும் மண்ணோடு மண்ணாகிவிட்டன. ஈறு மட்டும் இளஞ்சிவப்பாக, ஈரமாக இருப்பதுபோல மின்னுகிறது.

“என்னம்மா, தெரிஞ்சவங்களா?” என்று வண்டிக்காரர் கேட்டார்.

“நான் செஞ்சது.”

“நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. நாம எல்லாரும் போனப்புறமும் இது இங்க இருந்து இளிச்சிட்டிருக்கும்.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: தான் போனபின் இப்பூமியில் தன்னுடையது என்று எதுவும் கிடக்கக் கூடாது.

பாத்திரம் கழுவிய நீர் செடிக்கு, செடியின் சருகு மண்தொட்டிக்கு, தொட்டியில் மக்கிய உரம் மறுபடி செடிக்கு என்று வீடு வட்டமாகச் சுழன்றது. சீப்பில் உதிர்ந்த முடியும் வெட்டிய நகமும் தொட்டிக்குப் போயின. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை அங்கேயே மனப்பாடம் செய்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். இவ்வளவும் கேட்க இனிமையானவை. ஆனால் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

“நெத்தி கொதிக்குது. மாத்திரை போடு,” என்றார் ஓட்டுநர்.

“பிரிச்சா தகடு மிஞ்சுங்க.”

“அதை என் பையில போடு. நேத்து அஞ்சு கப்பு. இன்னிக்கு அஞ்சு கப்பு, ஒரு தகடு. நான் கெட்ட பேரு எடுத்தவன்தானே.”

“வேணாம். தானா இறங்கிடும்.”

இறங்கிவிட்டது. மறுநாள் காலை அவள் நெற்றியில் கை வைத்த ஓட்டுநர், உடனே கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தார். சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. சுவரைத் தொட்டால்கூட ஏதாவது ஒன்று தெரியும்.

5

தொடர்ந்து மூன்று ஞாயிறுகள் முள் அசையவில்லை. மூன்றாம் ஞாயிறு அவள் பையே கொண்டுவரவில்லை; வெறுங்கையோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் இரு கைகளையும் விரித்துக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

“தேறிட்டாங்க,” என்றார் செயலாளர். “இனிமே இவங்க வரிக்கு வேலை இல்ல. அழிச்சிடு தம்பி.”

எழுதுகிறவர் தயங்கினார். “ஜீரோன்னு எழுதிடலாம்ங்களே ஐயா.”

“வாராவாரம் ஜீரோ போட எதுக்கு சாக்பீசைத் தேய்க்கணும்? மிச்சம் பிடிக்கத்தானே இந்தப் பலகையே.”

கணக்கு டீச்சர் மட்டும் குறுக்கிட்டார். “அப்படி இல்லைங்க. ஜீரோவையும் எழுதணும். எழுதி வச்சாதான் அங்க ஒரு இடம் இருக்குன்னு அர்த்தம். எழுதலேன்னா அந்த இடமே இல்லைன்னு ஆயிடும்.”

“ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?”

“எங்க பாடத்துல ஒண்ணு இல்லைங்க.”

“இது குப்பைப் பாடம் டீச்சர்,” என்று யாரோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு.

அவளே முன்வந்து எழுதுகிறவரிடம் சொன்னாள்: “அழிச்சிடுங்கண்ணே. எனக்கு எதுக்கு ஒரு வரி?”

அவர் ஈரத்துணியால் இடமிருந்து வலமாக ஒருமுறையும், வலமிருந்து இடமாக ஒருமுறையும் துடைத்தார். (துணி ஒரு பழைய சட்டையிலிருந்து வெட்டியது. துவைத்து மீண்டும் பயன்படுத்தத் தக்கது.)

6

மறுநாள் காலை மருத்துவமனையின் கண்ணாடிக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. ஆள் அருகே வந்தால் தானே விலகும் கதவு அது. ஓரடி பின்னால் போய் மீண்டும் வந்து பார்த்தாள். கதவில் எதிர்த் தெருவின் மரம் தெரிந்தது. பிறகு ஒரு நோயாளி வந்தார், கதவு விலகியது, அவர் முதுகை ஒட்டி உள்ளே நுழைந்தாள்.

கை நீட்டினால் நீர் விடும் குழாயும் அப்படியே. நீட்டினாள், சொட்டு விழவில்லை. கதவும் குழாயும் பழுது போலும் என்று எண்ணினாள். நீராவது மிச்சமாகட்டும்.

பின்கட்டு அறையில் அவளுடைய முக்காலிமேல் புதுப்பெண்ணின் கைப்பை இருந்தது. அவள் அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் புதுப்பெண் கீழே கிடந்த பையைப் பார்த்து முகம் சுளித்து, எடுத்து, மீண்டும் முக்காலிமேல் வைத்தாள். அதாவது, மடிமேல்.

“அக்கா இன்னும் வரல டாக்டர்,” என்று வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

“இங்கதாண்டி இருக்கேன்.”

புதுப்பெண்ணின் தலை சட்டென்று திரும்பியது. இவள் பக்கமாக அல்ல. அலமாரியில் அடுக்கியிருந்த வாய்களின் பக்கமாக. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய், முதுகை வெறுஞ்சுவரில் ஒட்டிவைத்து உட்கார்ந்தாள்.

அவ்வறையின் தரையில் எப்போதும் பிளாஸ்டர் தூசி படிந்திருக்கும். மாலையில் கூட்டும்போது அன்றைக்கு யார் யார் எத்தனை முறை நடந்தார்கள் என்று சொல்லிவிடலாம். அவள் அன்று மேசைக்கும் தொட்டிக்கும் நாற்பது முறையாவது நடந்திருப்பாள். டாக்டரின் காலணித் தடம் இருந்தது. புதுப்பெண்ணின் செருப்புத் தடம் இருந்தது. அவளுடைய மேசையைச் சுற்றித் தூசி, காலையில் விழுந்தது விழுந்தபடி, கலையாமல் இருந்தது.

இந்த இடத்தில் அவள் அஞ்சியிருக்க வேண்டும். ‘அவள் உடல் நடுங்க—’ என்று எழுதிப் பார்த்தேன். பேனா நகரவில்லை. உண்மையில் அவள் நிம்மதியடைந்தாள். நெடுநாள் துவைத்த கறை ஒன்று விட்டுப்போனது போல அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அச்சம் எனக்குத்தான்.

7

மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்குச் சற்று முன்பாகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். ஓட்டுநரின் நான்கு மணி நடை அந்த வழியாகத்தான். முன்வாசல் சரியாக அவள் நிற்கும் இடத்துக்கு நேரே வந்து நிற்கும்படி வண்டியை நிறுத்துவார். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு முழம் முன்னே பின்னே போனதில்லை. நிறுத்தத்தில் வேறு ஒருவரும் இல்லை.

பேருந்து வந்தது. வேகம் குறைந்தது. முன்வாசல் அவள் எதிரே வந்து நின்றது.

“எதுக்கு நிறுத்தினீங்க?” என்று உள்ளிருந்து கண்டக்டர் கேட்டார். “ஒருத்தரும் இல்லையே.”

“தெரியலப்பா. கால் தானா போச்சு.”

“என்னங்க,” என்றாள் அவள்.

ஓட்டுநர் திரும்பினார். நேராக அவளைப் பார்த்தார். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்த்த கண்கள், அவளைத் தாண்டி அவளுக்குப் பின்னாலிருந்த சுவரில் எதையோ தேடின.

“யாரோ கூப்பிட்டாங்க,” என்றார்.

“உங்களை யாரு கூப்பிடப் போறா? தனி ஆளு. வண்டிய எடுங்க, பின்னாடி ஹாரன் அடிக்கிறான்.”

தனி ஆள் என்றதை ஓட்டுநர் மறுக்கவில்லை. கதவு மூடியது. புகையும் தூசியும் அவள்மீது படியாமல் போயின.

உலகம் தன்னை மறந்தால், அது அவள் கேட்டு வாங்கியது. அவர் மறப்பார் என்பதை அவள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஏழு கிலோமீட்டர். நடந்தே வந்தாள். இப்போதுதான் அவள் உடல் நடுங்கியது.

8

அன்று மாலை அவ்விரு அறைகளில் நிகழ்ந்ததை நான்கு பக்கங்களுக்கு எழுதியிருந்தேன். அவள் அவரிடம் சொன்னவை எல்லாம் அதில் இருந்தன. நீளம் கருதி நீக்கிவிட்டேன். சுருக்கம் இதுதான்:

அவள் பேசினாள். அவர் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு மீண்டும் போட்டார்.

9

ஞாயிறு வந்தது. குப்பை இருந்தால்தான் வரி உண்டு என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் குப்பைக்கு அவள் எங்கே போவாள்? கடையில் எதையும் வாங்க முடியவில்லை. கடைக்காரர் அவளுக்குப் பின்னால் நிற்பவரைத்தான் கேட்டார். பிறர் குப்பையைச் சேர்ப்பது எங்கள் விதிக்குப் புறம்பு. அந்த நிலையிலும் அவள் விதியை மீறவில்லை. ஆகவே தன்னுடையது என்று எஞ்சியிருந்ததையெல்லாம் எடுத்தாள். சீப்பை ஒடித்தாள். செருப்பின் வாரை அறுத்தாள். மூக்குக்கண்ணாடியைக் காலால் மிதித்தாள். தன் போர்வையைக் கிழித்தாள். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒட்டியும் தைத்தும் காப்பாற்றியவை எல்லாம் அரைமணி நேரத்தில் உடைந்து பையில் நிறைந்தன.

வரிசையில் நின்றாள். பின்னால் வந்தவர்கள் அவள் இடத்தில் வந்து நின்றார்கள். ஒவ்வொரு முறையும் ஒதுங்கி, கடைசியில் நின்றாள். எல்லோரும் முடித்தபின் பையைக் கொக்கியில் மாட்டினாள்.

முள் அசையவில்லை.

“அண்ணே,” என்றாள், எழுதுகிறவரிடம். “என் வரிய எழுதுங்கண்ணே. ஜீரோன்னாவது எழுதுங்க.”

பொறுத்தருள வேண்டும். இதற்கு மேல் ‘எழுதுகிறவர்’ என்று சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. எங்கள் குடியிருப்பில் கையெழுத்து நன்றாக இருப்பது எனக்கு. துடைத்தது என் கை. கரும்பலகையும் வெற்றிடமும் தவிர மற்றவை புனைவு என்று தொடக்கத்தில் சொன்னேன், அது மெய்யல்ல. எது நினைவு, எது நானாகச் சேர்த்தது என்பதை இப்போது என்னாலேயே பிரித்தறிய இயலவில்லை. ஆனால் அந்த ஞாயிறு எனக்குத் தெரியும். நான் சுண்ணக்கட்டியோடு பலகைக்கு அருகில் நின்றேன். பை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கொக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

குரல் கேட்டது. தெளிவாகக் கேட்டது.

ஒரு பூஜ்யம் போட எவ்வளவு சுண்ணம் தேயும்? ஊதினால் பறந்துவிடும் அளவு. நான் போடவில்லை. செயலாளர் தராசைக் கழற்றக் காத்திருந்தார். முப்பது பேருக்கு முன்னால், ‘இங்கே யாரோ இருக்கிறார்கள்’ என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. வாழ்நாள் முழுதும் மரியாதை என்று நான் பெயரிட்டு வைத்திருந்தது அதுதான்.

“ஏன் சார் கொக்கி ஆடுது?” என்று கேட்டார் கணக்கு டீச்சர்.

“காத்து, டீச்சர்,” என்றேன்.

மாடிப்படியின் கீழே காற்று வர வழியே இல்லை. டீச்சர் கொக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

10

முடிவு ஒன்று வேண்டும். மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) ஒரு நாள் ஓட்டுநர் அந்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்துகிறார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்டக்டர் என்ன கத்தினாலும் எடுக்க மறுக்கிறார். ‘ஏறட்டும்’ என்கிறார். யார் என்று கேட்டால் தெரியவில்லை என்கிறார். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஆனால் விசாரித்துப் பார்த்தேன். அவரை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆளில்லாத நிறுத்தத்தில் நாள்தோறும் வண்டியை நிறுத்துகிறார் என்று புகாராம்.

(ஆ) அவள் குப்பைமேட்டுக்குப் போகிறாள். அவள் செய்து முடித்த எதுவுமே இவ்வுலகில் இல்லாமல் போகவில்லை. அங்கே அவளுடைய குறி பொறித்த பற்கள் இருக்கின்றன. அவள் அவற்றைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக வரிசையில் அடுக்கி— இதைத் தொடர எனக்குத் துணிவில்லை.

(இ) நான் அந்த வரியை எழுதுகிறேன்.

மூன்றாவதை நேற்று முயன்றேன். காலை பத்து மணி. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். புதுச் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு பலகைக்கு முன் நின்றேன். எடையின் இடத்தில் பூஜ்யம் போட்டுவிட்டேன். வட்டம் நன்றாக வந்தது. அதற்கு முன்னால் பெயர் வேண்டும். இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு ஞாயிறும் நான் எழுதிய பெயர். கையை உயர்த்தி வைத்துக்கொண்டு நின்றேன். கைக்குத் தெரியவில்லை.

கதையின் முதல் படியில் தேடலாம் என்று ஓடினேன். அதில் அவள் பேசினாள், சண்டை போட்டாள், பாதி நாள் தங்கையோடு கோபித்துக்கொண்டு இருந்தாள். எங்கோ ஓரிடத்தில் யாராவது அவளைப் பெயர் சொல்லி அழைத்திருப்பார்கள். ஆனால் இருபக்கமும் எழுதி முடிந்த தாளை நாங்கள் கீற்றாகக் கிழித்து மண்தொட்டியில் இடுவது வழக்கம். கையை விட்டுத் துழாவினேன். நன்றாக மக்கியிருந்தது. கறுப்பாக, மணமாக, மிக உயர்ந்த உரம்.

ஒவ்வொரு படியிலும் அவளைப் பற்றிய வாக்கியங்களை நானே குறைத்துக்கொண்டு வந்தேன் என்பதை அத்தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தபோதுதான் உணர்ந்தேன். மச்சத்தால் ஆவதென்ன என்று கேட்டவன் நான்.

‘அவள்’ என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன். அது போதாது என்று எனக்குத் தெரியும். இன்று காலை செயலாளர் அதைப் பார்த்தார். “யாருப்பா இது? அழிச்சிடு,” என்றார். “நாளைக்குள்ள” என்று கெடு கொடுத்தார். மறுத்துப் பேச எனக்குப் பழக்கமில்லை. கற்றுக்கொள்ள ஒரு நாள் இருக்கிறது.

ஆகவே முடிவை என்னால் எழுத இயலவில்லை, உங்களிடம் ஒப்படைக்கிறேன். உங்களுக்கு அவளைத் தெரிந்திருக்கலாம். எங்கேனும் ஒரு நிறுத்தத்தில், ஒரு வரிசையில், நீங்கள் வந்து நின்ற இடம் அவளுடையதாக இருந்திருக்கலாம். பெயர் நினைவுக்கு வந்தால் அருள்கூர்ந்து எழுதி அனுப்புங்கள். நல்ல தாளாக, புதுத் தாளாக, ஒருபக்கம் மட்டும் எழுதி அனுப்புங்கள். வீணாகிறதே என்று தயங்க வேண்டாம்.

இதுவரை இழந்தவை வருமாறு:

கரும்பலகையில் வரி, ஒன்று.

இக்கதையின் முந்தைய படிகள், மூன்று, தாள்கள் நாற்பத்திரண்டு.

அவளைக் குறித்து எழுதி நீக்கிய வாக்கியங்கள், இருநூற்றுப் பதினெட்டு. அவற்றுள் அவள் பேசியவை, தொண்ணூற்றாறு.

சீப்பு, ஒன்று. செருப்பு, ஒரு சோடி. மூக்குக்கண்ணாடி, ஒன்று. போர்வை, ஒன்று.

தங்கை, ஒருத்தி.

ஆள், ஒருவர்.